கத்தரிக்காய்க் கல்

கலியாணம் முடித்துச் சண்டிலிப்பாய்க்கு வந்த முதல் மூன்று நாளும், நாற்பத்தெட்டு மாலுமிகளின் நினைவுக் கல்லில் என் புருஷனின் சாரங்களை அடித்துத் தோய்த்திருக்கிறேன்.

தெரிந்து செய்யவில்லை. கிணற்றடியில், வாழைகளுக்குப் பக்கத்தில் சீமெந்தால் கட்டிய ஒரு சின்ன மேடை இருந்தது. அதன்மேல் அகலமான கல் ஒன்று மல்லாக்கக் கிடந்தது. கிணற்றடியில் இடுப்பளவில் கல் கிடந்தால் எந்தப் பெண்ணும் என்ன நினைப்பாள்? கல்லின் மேல் ஒரு கத்தரிக்காய் செதுக்கியிருந்தது. அதன் கீழே 'நாற்பத்தெட்டுப் பேர்' என்று எழுதியிருந்தது. நான் தொண்டைமானாற்றுக் கடற்கரைக்காரி. தோட்டக்காரச் சனத்துக்குக் கத்தரிக்காயில் இவ்வளவு பக்தியாக்கும் என்று நினைத்துக்கொண்டு, சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தேன்.

நாலாம் நாள் காலை, மாமா வேப்பங்குச்சியும் கையுமாகக் கிணற்றடிக்கு வந்தார். மாமா என்றால் என் புருஷனின் தகப்பன். மாமி செத்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் வாழையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். ஒரு செருமல் செருமினார்.

"பிள்ளை, உது தோய்க்கிற கல் இல்லை."

"அப்ப என்ன கல் மாமா?"

"உதிலை நாற்பத்தெட்டுப் பேர் இருக்கினம்."

கையில் இருந்த ஈரச் சாரத்தோடு ஓரடி பின்னால் போனேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வாயும் கொஞ்சம் நீளம். "செத்த ஆக்களை ஏன் கிணத்தடியிலை வைச்சிருக்கிறியள்? குடிக்கிற தண்ணியெல்லே!" என்று சத்தம் போட்டேன். வந்து நாலு நாளில் மாமனாரோடு சண்டை என்று ஊர் சொல்லுமே என்ற பயமும் இருந்தது.

"வைக்கேல்லை. அவங்கள் கடலுக்கை. உது பேருக்குத்தான்" என்றார் அவர். "மூண்டு நாளாச் சொல்லுவம் எண்டு பாத்தனான். நீ புதுசு, வெக்கப்படுவாய் எண்டு விட்டிட்டன்."

எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? ஆனால் மாமாவின் வழக்கமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஒருவர் பிழை விட்டால் அந்த இடத்தில் திருத்த மாட்டார். பார்த்துக்கொண்டிருந்து, நல்ல நேரம் வரட்டும் என்று பொறுத்திருப்பார். அந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுத்த விலை அப்போது எனக்குத் தெரியாது.

மாமா இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒரு பெரிய தாய்க்கப்பலின் அருகில் வந்து கட்டும். கடலுக்குப் போகுமுன் அவற்றுக்குப் பாண் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தகரத்தில் அடைத்த ரின்பாலும் ஏற்றுவது மாமாவின் பகுதியின் வேலை. பேர்ப்பட்டியலைப் பார்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றிவிட்ட நீர்மூழ்கி ஒன்று கிழக்கே போய், திரும்பி வரவேயில்லை. எங்கே மூழ்கித் தாண்டது, எப்படித் தாண்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் போனவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். அந்தப் பேர்ப்பட்டியலின் பிரதி ஒன்றை மாமா தன் கையால் எழுதி வைத்திருந்தார்.

இளைப்பாறி ஊருக்கு வந்த பிறகு, லண்டனில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவர் அவருக்குக் காகிதம் போட்டாராம். நீர்மூழ்கிகளில் செத்தவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறார்கள், எல்லாருடைய பேரும் வெட்டியிருக்கிறது, சனம் போய்ப் பூ வைக்கிறது என்று எழுதியிருந்தார். மாமாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு குறையும் இருந்தது.

"பேர் வெட்டினது சரி, பூவும் சரி. தண்ணி வார்க்க ஆர் இருக்கினம் அங்கை?"

அதனால்தான் கல் வைத்தார். கல் பொளிகிற ஆளை வரவழைத்து, நீர்மூழ்கியைக் கடதாசியில் கீறிக் காட்டியிருக்கிறார். அந்த மனுசன் தன் சீவியத்தில் நீர்மூழ்கியைக் கண்டதில்லை. கண்டதெல்லாம் சண்டிலிப்பாய்த் தோட்டம். உருண்டு நீண்ட உடம்பு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் என்று மாமா கீறியதை, உடம்பும் காம்புமாக, ஒரு முற்றின கத்தரிக்காயாகவே செதுக்கி முடித்துவிட்டான். மாமா அன்றைக்கும் அந்த இடத்தில் திருத்தவில்லை. முதலில் கல் நிமிர்த்தித்தான் நட்டிருந்ததாம். முதல் மாரிக்கே சரிந்துவிட்டது. "நீர்மூழ்கி நிமிந்து நிக்கிற சாமான் இல்லை, படுத்துக் கிடக்கிறது, கிடக்கட்டும்" என்று மேடை கட்டிப் படுக்க வைத்துவிட்டார். ஊருக்கு அது கத்தரிக்காய்க் கல். வளவுக்கு வழி கேட்பவர்களுக்கும், "கத்தரிக்காய்க் கல்லு வீடோ? உந்த ஒழுங்கைக்குள்ளை போங்கோ" என்றுதான் சொல்வார்கள்.

இனி அந்தக் கல்லில் தோய்க்க மாட்டேன் என்று சொன்னேன். மாமா அவசரமாகத் தலையாட்டினார்.

"அப்பிடிச் சொல்லாதை. நீர்மூழ்கிக்கு உள்ளுக்கை குடிக்கிறதுக்கே தண்ணி அளவு. குளிப்பு முழுக்கு, உடுப்புத் தோய்ப்பு ஒண்டும் கிடையாது. மாதக்கணக்கிலை ஒரே காற்சட்டை. கரைக்கு வந்தாங்கள் எண்டால் தூரத்திலையே மணக்கும். மூண்டு நாளா நீ தண்ணியும் சவுக்காரமுமா வார்க்க, எனக்குள்ளை ஒரு சந்தோசம். அதாலையும்தான் பேசாமல் இருந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். தோய்ப்பு வேறு கல்லில். ஆனால் காலையில் கிணற்றில் அள்ளும் முதல் வாளி கத்தரிக்காய்க் கல்லுக்கு. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு. பன்னிரண்டு வருடம் அப்படியே செய்தேன்.

என் புருஷன் கொழும்பில் வேலையாக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். வந்த கையோடு கலியாணம் முடிந்தது. வேலை ஒன்றும் சரிவராமல் எண்பத்தைந்தில் அரபு நாட்டுக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனார், பிறகு சண்டையில் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டுப்பட்டு அதுவும் நின்றது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்த வீட்டில் மாமாவும் நானும்தான். ஒரு நாளைக்கு நாலு தரம் சண்டை கொழுவிக்கொள்வோம். நாற்பத்தெட்டு வெள்ளைக்காரரையும் சேர்த்தால் வீட்டில் ஐம்பது பேர் என்று மாமா சொல்வார்.

நான் அவரைச் சீண்டுவேன். என் வீட்டில் தகப்பனும் சகோதரங்களும் கடலில் போனவர்கள். மாமாவோ நயினாதீவுக்கு வள்ளத்தில் போனாலே தலை சுற்றிச் சத்தி எடுப்பார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டார். "கடலிலை ஒரு நாளும் போகாத மனுசனுக்குக் கடற்படை ஒண்டு இருக்கு" என்பேன்.

"நான் கரையிலை நிண்டவன்தான் பிள்ளை. கரையிலையும் ஒருத்தன் நிக்கத்தானே வேணும்" என்பார்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். மாமா கீரிமலைக்குப் போவார். நானும் ஒருமுறை கூடப் போனேன். தன் தாய் தகப்பனுக்குச் செய்து முடிந்ததும், மடியிலிருந்து பேர்ப்பட்டியலை எடுத்து விரித்தார். ஐயர் முதல் பேரைச் சொல்லப் பார்த்து நாக்குப் புரளாமல் நின்றார். பின்னால் வரிசையில் நின்ற சனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

"என்ன கோத்திரம்?" என்று கேட்டார் ஐயர்.

"கடல் கோத்திரம்" என்றார் மாமா, யோசிக்காமல்.

ஐயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சிவ கோத்திரம் எண்டு சொல்லுவம். எல்லாம் அதுக்குள்ளை அடங்கும். பேரை நீங்களே சொல்லுங்கோ, நான் தண்ணியை விடுறன்" என்றார். மாமா நாற்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார். முணுமுணுத்த சனமும் அடங்கிக் கேட்டது. அன்று அந்த மனுசன்மேல் எனக்கு வந்த அன்பைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் சொந்தத் தகப்பனிடம்கூட அப்படி ஒரு அன்பு வந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் கல்லடியில் படையல். வெள்ளைக்காரருக்குப் பொங்கலும் மோதகமும் படைக்கலாமா? ஒரு றாத்தல் பாண், பால் விட்ட தேத்தண்ணி, ஒரு பேணி ரின்பால், பனையோலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி. பனங்கட்டி அந்த நீர்மூழ்கியின் குசினிக்காரனுக்காக. சமையல்காரப் பெடியன், செம்பட்டைத் தலையன், இருபது வயதுகூட இராது. மாமா ஒருமுறை கொடுத்த பனங்கட்டியை வாயில் போட்டுப் பார்த்தவன், பிறகு ஒவ்வொரு தரமும் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக மாமாவைத்தான் தேடி வருவானாம்.

பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்போம். படையல் நடக்கும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"எங்களைப் பிடிச்சு ஆண்டவங்களுக்குப் பாணும் தேத்தண்ணியுமோ? எங்கடை பிள்ளையள் நாளாந்தம் சாகுதுகள், உமக்கு உவங்கடை திவசம் பெரிசாப் போச்சு."

மாமாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "மாஸ்டர், உமக்கு அவங்கள் வெள்ளைக்காரர். எனக்கு என்ரை கையாலை பாண் வாங்கினவங்கள். எங்கடை பிள்ளையளுக்கு அழ ஊர் இருக்கு. உவங்களுக்கு இந்தக் கரையிலை என்னைவிட ஆர்?"

மாஸ்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆனால் மாஸ்டரின் கேள்வி எனக்குள் நின்றது. அன்று பின்னேரம், அவர்கள் கடலில் தாழ்த்தின கப்பல்களிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள்தானே என்று மாமாவிடம் கேட்டேன். "ஓம். அதுகளின்ரை பேர் என்னட்டை இல்லை. எண்டாலும் எள்ளும் தண்ணியும் இறைக்கேக்கை அதுகளையும் நினைக்கிறனான்" என்றார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் கீரிமலைப் பக்கம் போக முடியாமல் போயிற்று. மாமா திருவடிநிலைக் கரைக்கு மாறினார். கடல் ஒன்றுதானே என்றார். சாமான்கள் வருவதும் நின்றது. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ரின்பாலைக் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. ஆடி அமாவாசை நெருங்க நெருங்க மாமாவின் முகம் தொங்கிப் போயிற்று. நான் ஆட்டுப்பாலை அடுப்பில் வைத்து, பனங்கட்டி போட்டு, கை வலிக்க வலிக்கக் கிண்டி வற்ற வைத்தேன். நிறம் கொஞ்சம் கறுப்பு. மாமா விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குசினிக்காரன் உதைத் திண்டிருந்தால் கப்பலுக்கே போயிருக்க மாட்டான்."

சமையலுக்கு என் சீவியத்தில் கிடைத்த ஆகப் பெரிய புகழ்ச்சி அதுதான்.

அந்த வருடம்தான் மாஸ்டரும் நாங்களும் சேர்ந்து, விமானக் குண்டுக்குப் பதுங்க வேலியோரம் பங்கர் வெட்டினோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண் மூட்டை. மாமா அதற்குச் சப்மரீன் என்று பேர் வைத்தார். பொம்பர் வரும் சத்தம் கேட்டால் ஒழுங்கைச் சனம், "ஓடுங்கோ, சப்மரீனுக்கை ஓடுங்கோ" என்று கத்தும். ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும், இரண்டு பொம்பர் வந்து சுற்றத் தொடங்கியது. மாஸ்டர் அன்று ஊரில் இல்லை. மாமாவும் நானும் மட்டும் உள்ளே குந்தியிருந்தோம். குண்டு விழ விழ மண் கொட்டியது. நான் முருகா முருகா என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தேன்.

"சத்தம் போடாதை பிள்ளை. கப்பல் மேலாலை போகேக்கை அவங்கள் மூச்சுக்கூட மெதுவாத்தான் விடுவாங்களாம்" என்றார் மாமா.

"எனக்கு இப்ப உங்கடை கப்பலை இழுக்காதேங்கோ!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, என்னைப் பராக்காட்டவோ, இல்லை, தானே தாங்க முடியாமலோ, அதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

அந்தக் குசினிக்காரனுக்கு மாமா நாலைந்து தமிழ்ச் சொல் பழக்கியிருந்தார். தண்ணி, பாண், பனங்கட்டி. பிறகு, புறப்படும்போது சொல்வது. எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு இறங்குபவர் யாரும் 'போறன்' என்று சொல்ல மாட்டார். 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். போறன் என்றால் போனது போனதுதான். கடற்கரையில் பிறந்த எனக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. என் சகோதரங்கள் வாய் தவறிப் போறன் என்றுவிட்டால், தாய் திரும்பக் கூப்பிட்டு, இருத்தித் தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்துத்தான் வள்ளத்துக்கு விடுவா. குசினிக்காரனும் நாக்குப் புரளப் புரள அதைப் பழகி, ஒவ்வொரு தரமும் கப்பலுக்குப் போகும் பலகையில் ஏறுமுன் திரும்பி நின்று, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவானாம்.

"கடைசிநாள் நல்ல மழை. பாண் நனையுது எண்டு நான் படங்கை இழுத்து மூடிக்கொண்டு நிக்கிறன். அவன் பலகையிலை நிண்டு கையைக் காட்டி, போறன், எண்டு கத்தினான். எனக்குக் கேட்டது. முழுக்கச் சொல்ல மறந்திட்டான், இல்லாட்டி மழைக்கு அவசரப்பட்டிட்டான். திருத்துவம் எண்டு வாய் எடுத்தனான். பாண் நனையுது. சரி, வந்தாப் பிறகு திருத்துவம் எண்டு விட்டிட்டன்."

பொம்பர் போய்விட்டது. வெளியே ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. அவர் எழும்பவில்லை.

"ஒரு சொல்லாலை கப்பல் தாளுமோ மாமா? விசர்க்கதை" என்றேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை, தாளாது. எண்டாலும் நான் திருத்தியிருக்கலாம்."

அதற்குப் பிறகு, அவர் ஏன் வாசல் படலையில் நின்று எல்லாரையும் மறிக்கிறார் என்று விளங்கியது. தபால்காரன், மீன்காரி, மாஸ்டர், யார் புறப்பட்டாலும் அவர்கள் போட்டு வாறன் என்று சொல்லும்வரை படலைக் கொண்டியில் கை வைத்துக்கொண்டு நிற்பார். மற்றப் பிழைகளையெல்லாம் மூன்று நாள் விட்டுப் பிடிப்பவர், இந்த ஒன்றை மட்டும் அந்த இடத்திலேயே திருத்துவார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, ஒரே இரவில் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. மறுநாள் விடிய நாங்களும் சைக்கிளில் இரண்டு பையைக் கட்டினோம். விடாத மழை. மாமா உள்ளே போய்ப் பேர்ப்பட்டியலைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கிணற்றடிக்கு வந்தார். நான் ஒரு வாளி அள்ளிக் கல்லில் ஊற்றினேன். மழை பெய்துகொண்டிருக்க அதற்குமேல் தண்ணீர் ஊற்றியது வேறு யாராவது பார்த்தால் சிரிப்புத்தான். மாமா கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சொல்வார், சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் படலையைத் தாண்டிப் போய்விட்டார்.

ஒழுங்கை முடக்கில் சைக்கிளை மாஸ்டரிடம் பிடிக்கக் கொடுத்தேன். "குடையை விட்டிட்டன்" என்று பொய் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். கல்லுக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்க, அவர் சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

நாவற்குழிப் பாலத்தடியில் சனம் ஓரடி எடுத்து வைக்கப் பத்து நிமிஷம் எடுத்தது. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கொடிகாமத்தில், ஒரு தென்னங்காணிக்காரர் இரக்கப்பட்டு விட்ட கொட்டிலில் மாஸ்டர் குடும்பமும் நாங்களும் ஒண்டிக்கொண்டோம். மாமா சாப்பிடவில்லை. முதல் நாள் களைப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"சாகிறதெண்டால் அங்கையே இருந்து செத்திருக்கலாம். நான் ஏன் உங்களை இழுத்துக்கொண்டு வந்தனான்?"

அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, நான் சொல்லேல்லை" என்றார்.

"என்ன சொல்லேல்லை?"

"போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. வாயிலை வந்தது. இந்த வயசிலை நான் திரும்பி வருவன் எண்டு எனக்கே நம்பிக்கையில்லை. நாற்பத்தெட்டுப் பேருக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லுறதே எண்டு விட்டிட்டன். இப்ப நினைச்சால், அந்தப் பெடியன் செய்த பிழையை நானும் செய்துபோட்டன்."

"நான் சொல்லிப்போட்டன் மாமா. குடை எடுக்க எண்டு போனது அதுக்குத்தான்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அது போய், பழைய கிளாக்கர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்னெண்டு சொன்னனீ? வாறன் எண்டோ, வாறம் எண்டோ?"

ஒரு எழுத்துத்தான். வாறன் என்றால் நான் மட்டும் வருவேன். வாறம் என்றால் நாங்கள் எல்லாரும் வருவோம், அவரும் சேர்த்தி. அந்த மழைக்குள் ஓடிப்போய் நின்ற என்னை நினைத்துப் பார்த்தேன். தனியாக நின்றேன். மூச்சு வாங்கியது. தனியாக நிற்பவள் என்ன சொல்வாளோ அதைத்தான் சொல்லியிருந்தேன். போட்டு வாறன்.

"வாறம் எண்டுதான்" என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"என்ரை வாய் என்ன சொன்னது எண்டு எனக்குத் தெரியாதே? சும்மா தொணதொணக்காமல் சாப்பிடுங்கோ!"

என் கோபம்தான் அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. கோபிக்கும்போது நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் பன்னிரண்டு வருடமாக நம்பியிருந்தார். தட்டை இழுத்து வைத்து முழுச் சோற்றையும் சாப்பிட்டார். பிறகு, "அப்ப சரி. வாறம் எண்டால் நானும் சேர்த்தித்தான்" என்று மாஸ்டருக்கும் விளங்கப்படுத்தினார். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

மார்கழியில் சளிக் காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சரிந்தவர் எழும்பவில்லை. மகனுக்கு அறிவிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. கொடிகாமத்துச் சுடலையில் மகனின் இடத்தில் நின்று கொள்ளி வைத்தவர் மாஸ்டர். வேலிக்கு மேலால் நக்கலடித்த அதே மனுசன், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அடுத்த வருடம் சித்திரையில் மாஸ்டர் குடும்பமும் நானும் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்கு ஓடு இல்லை, யன்னல் இல்லை. வாழைகள் பார்ப்பாரில்லாமல் புதர் மண்டியிருந்தன. கல் இருந்த இடத்திலேயே இருந்தது. கத்தரிக்காயை யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?

வாளியும் இல்லை, கயிறும் இல்லை. மாஸ்டர் வீட்டிலிருந்து ஒரு தகரப் பேணியும் சீலைக் கிழிசல்களும் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுக் கிணற்றில் விட்டேன். முதல் பேணித் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லில் ஊற்றினேன். ஐந்தாறு மாதத்துத் தூசி கரைந்து ஓடியது. பொலித்தீன் சுற்றிய பேர்ப்பட்டியல் என் இடுப்பில் இருந்தது. அதை எடுத்துக் கல்லின்மேல் வைத்தேன். போனவர் வந்ததும் வந்ததாகச் சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம்தான். வந்திட்டன் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னபடி நான் ஒருத்திதான் வந்திருந்தேன். கணக்குக்கு அதுதான் சரி.

வந்தாப் பிறகு திருத்துவம் என்று ஒரு மனுசன் ஐம்பது வருடம் காத்திருந்தார். நான் வந்திருக்கிறேன். நான் திருத்தலாம்.

"வந்திட்டம்" என்றேன், கடைசி எழுத்தை அழுத்தி, மாஸ்டருக்கும் கேட்கும்படியாக. பிறகு உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, வீட்டுக்கு இரண்டாம் பேணியை அள்ளினேன்.